அக்காவைக் கொன்றவர்

"சின்னம்மா, அப்பா வாராரு" என்றாள் அக்கா மகள், போனில்.

நான் அப்போது பண்ணையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்குச் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. கோழிகளின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் அன்று காலை தீவனம் எடுக்க, அவள் இருக்கும் நாமக்கல்லுக்குப் போயிருந்தார். அவரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "வந்தா சோறு போட்டு அனுப்பு, காத்தால ஒன்னும் சாப்பிடாமப் போயிட்டாரு" என்றேன்.



"அந்த அப்பா இல்லீங்க சின்னம்மா."

அக்கா மகளைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது நாங்கள்தான். என்னைச் சின்னம்மா என்பாள், என் வீட்டுக்காரரை அப்பா என்பாள். அம்மா என்ற சொல்லை அக்காவுக்கென்று வைத்துக்கொண்டு, அப்பா என்ற சொல்லை மட்டும் அவளாகவே எடுத்து இவருக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். நாங்கள் சொல்லித் தரவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தச் சொல் பழைய ஆளிடமே திரும்பிப் போனது எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த முட்டை அட்டையைத் தரையில் வைத்துவிட்டேன்.

"எப்ப?"

"அடுத்த வாரமுங்க. நன்னடத்தைன்னு விடறாங்களாம். நானும் அவரும் வண்டியில போயிக் கூட்டிட்டு வரலாமுன்னு இருக்கறோம்." இந்த 'அவர்' அவளுடைய வீட்டுக்காரர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல பையன். மாமனார் யார், என்ன செய்தவர் என்பதெல்லாம் தெரிந்தேதான் கட்டினார்.

"கூட்டிட்டு வந்து எங்க வெப்ப?"

"அங்கதானுங்க. தோட்டத்து ஊட்டுல."

அந்தத் தோட்டத்து வீட்டு வாசலில்தான் அவர் அக்காவைக் கொன்றார்.

அவர் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. சாட்சி சொல்லப் போன அன்று, கோர்ட்டில் 'அவன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக நினைத்துக்கொண்டே போனேன். கூண்டில் ஏறி நின்றதும் "அவருதானுங்க" என்றுதான் வாய் சொன்னது. எங்கள் பக்கத்து நாக்குக்கு, அக்கா வீட்டுக்காரரை மரியாதையில்லாமல் சொல்ல வராது. அவர் என்ன செய்திருந்தாலும் வராது.

அவர் குடிக்கிறவர் இல்லை. குடித்திருந்தால், குடியால் வந்தது, குடியை விட்டான், திருந்தினான் என்று ஒரு வழியில் சொல்லிவிடலாம். சீட்டு இல்லை, வேறு பெண் இல்லை. உழவு, களை என்று காட்டு வேலையில் ஒரே ஆளாக இரண்டு ஆள் வேலை செய்வார். வெளியாட்களிடம் குரல் உயர்த்த மாட்டார். என்னை "அம்மிணி" என்று கூப்பிட்டு, வரும்போதெல்லாம் நிலக்கடலையோ கொய்யாவோ துண்டில் முடிந்துகொண்டு வருவார். அக்காவிடம் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். எங்க போயிருந்த?

எங்கே போயிருந்தாலும் அந்தக் கேள்வி உண்டு. கிணற்றடிக்குப் போனாலும் உண்டு. அக்கா பதில் சொல்வாள். பதில் போதவில்லை என்றால் மறுபடி கேட்பார். நாளாக ஆக, அவள் பதிலுக்குச் சாட்சி வைத்துக்கொள்ளப் பழகினாள். என் வீட்டுக்கு வந்தால் பஸ் டிக்கெட்டை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்வாள். ஒருமுறை டிக்கெட் காற்றில் பறந்துவிட்டது. அதைத் தேடி ரோட்டோரம் அவள் குனிந்து குனிந்து நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "நீயும் கூட வா சாமி, நீ சொன்னா நம்புவாரு" என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். போனோம். அவர் சிரித்தார். "அதுக்கென்ன அம்மிணி, நான் ஒன்னுமே கேக்கலையே" என்றார். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் தளரவில்லை.

ஒரு சந்தை நாளில், பஸ் வழியில் நின்றுபோய் அவள் தாமதமாகத் திரும்பினாள். வாசலில் கேட்டார். அவள் சொன்னாள். காட்டில் மண் வெட்டுகிற மம்முட்டி சுவரில் சாத்தியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. பிறகு கை கால் கழுவிக்கொண்டு, நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அக்காவைக் குளிப்பாட்டிய பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது, அன்றைய டிக்கெட் அதற்குள் இருந்தது.

இந்த ஆள்தான் நன்னடத்தையில் வெளியே வருகிறார் என்றாள் அக்கா மகள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் நடத்தை எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. ஜெயிலில் பெண்டாட்டி கிடையாது. சந்தைக்குப் போய் நேரங்கழித்து வருகிறவர்கள் யாரும் அங்கே இல்லை. அவரிடம் கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு இடம். அந்த இடத்தை அங்கே யாரும் தொட்டுப் பார்த்திருக்கவே முடியாது. பிறகு எதைப் பார்த்துத் திருந்திவிட்டார் என்று சொன்னார்கள்?

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைத் தடவிக்கொண்டே, "தண்டனையை அனுபவிச்சாச்சு. அப்புறமும் நாம என்ன பண்றது?" என்றார். 

வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தலை முழுக்க நரை. அக்கா மகள் வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். நான் போகவில்லை. எங்கள் பண்ணையிலிருந்து அவருடைய காடு வெகு தூரமில்லை. மேட்டில் ஏறினால் ஓட்டுக் கூரை தெரியும். அந்தக் கூரையிலிருந்து மறுபடி புகை எழுந்த காலையில் நான் மேட்டில்தான் நின்றிருந்தேன். கோழிகளுக்குத் தீவனம் போட மறந்து, வெயில் ஏறும் வரை அங்கேயே நின்றேன்.

ஊர் முதலில் ஒதுங்கியது. டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சு காலியாகும். அவர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவார். மேச்சேரி ஆடுகள் கொஞ்சம் வாங்கிப் பட்டி போட்டார். ஜெயிலில் சமையல் வேலை பார்த்திருந்தார். மாரியம்மன் நோம்பி விருந்துக்குச் சமையல்காரர் வராமல் போன வருடம், அவராகவே வந்து அடுப்பு மூட்டி ஊருக்கே ஆக்கிப் போட்டார். அதன் பிறகு எல்லாம் மாறிப்போனது. "ஜெயிலு அவனப் பொடம் போட்டு அனுப்பியிருக்குது" என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

என்னை எங்காவது எதிரே பார்த்தால் ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்தடியில் நின்று, நான் கடந்த பிறகுதான் ஏறுவார். அம்மிணி என்று கூப்பிடவில்லை. நானும் பேசவில்லை.

எங்கள் பண்ணையில் முட்டை எடுக்க மேச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கட்டியவன் லாரி விபத்தில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பண்ணையிலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். என்னை அக்கா என்பாள். பெரிய சிரிப்புக்காரி, அவள் ஷெட்டின் ஒரு முனையில் சிரித்தால் மறுமுனையில் எனக்குக் கேட்கும். அவருடைய ஆடுகள் அவள் ஊர்ப்பக்கத்து ஆடுகள் என்பதால் பார்க்கப் போனாள். அப்புறம் தழை ஒடித்துக்கொண்டு போனாள். ஒருநாள் முட்டை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "அக்கா, அவரு என்னையக் கட்டிக்கறேங்கறாரு" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட், முந்தானை, மம்முட்டி எல்லாம்.  அவள் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தெரியுமுங்கக்கா. அவரே சொன்னாரு. நீங்க சொன்னத விட அதிகமாவே சொன்னாரு."

"தெரிஞ்சுமா?"

"வேற எவன் முன்னாடியே சொல்லீட்டுக் கட்டிக்கறான்? எங்கூட்டுக்காரன் கல்யாணத்துக்கு முன்னால எத்தன நல்லவனா நடிச்சான் தெரியுமுங்களா?"

 கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அக்கா மகள் போயிருந்தாள். தன் கையாலேயே மாலை எடுத்துக் கொடுத்தாளாம். "நல்லாருக்கட்டுமுங்க சின்னம்மா. அந்த ஊட்டுல ஒரு பொம்பள நல்லபடியா வாழ்ந்துட்டாப் போதும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் குழந்தை முகமாக இருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே போனது. அவள் தினமும் வேலைக்கு வந்தாள். சதை பிடித்திருந்தாள். அவர் சமைத்துக் கொடுத்தனுப்பும் குழம்பை எனக்கும் ஊற்றுவாள். "கேட்டதேயில்லீங்கக்கா, எங்க போறேன்னு ஒருநாளும் கேட்டதேயில்ல" என்பாள். நான் கேட்காதபோதே சொல்வாள்.

ஒரு கோடையில்தான் தொடங்கியது. வெயிலுக்குக் கோழிகள் செத்து விழுந்துகொண்டிருந்தன; நாங்கள் கூரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய போன் அடித்தது. எடுத்து, "பண்ணையிலதானுங்க" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே போனைக் கோழிக் கூண்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கோழிகள் கத்தின. மறுபடி காதில் வைத்து, "கேட்டுதுங்களா?" என்றாள்.

"என்னது அது?" என்றேன்.

"சும்மா வெளையாட்டுக்குங்க. நம்பலீன்னாரு, கோழியவே சாட்சி சொல்லச் சொன்னேன்." சிரித்தாள்.

என் கையில் இருந்த தண்ணீர்க் குழாய் எங்கே பாய்கிறது என்று பார்க்காமல் நின்றேன். தீவனச் சாக்கெல்லாம் நனைந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் அந்த விளையாட்டு நடந்தது. பிறகு காலையில் ஒன்று, மதியம் ஒன்று. போன் அடிக்கும் முன்பே அவள் கூண்டருகே போய் நிற்கத் தொடங்கினாள். ஒருநாள் போனை நீட்டிப் பிடித்திருந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. கோழிகள் கத்த வேண்டுமே என்று கூண்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கறாரா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லவே இல்லீங்கக்கா. ஒரு கெட்ட வார்த்த கூட இல்ல."

அது உண்மை. எனக்கு நன்றாகத் தெரியும். அக்காவையும் அவர் அந்த ஒரு நாளைத் தவிர வேறு எந்த நாளும் தொட்டதில்லை.

அக்கா மகளிடம் சொன்னேன். அவள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "பேசத்தான் கூப்பிடறேன் சாமின்னாரு. ஊட்டுல ஒண்டியா இருக்குதாம்" என்றாள். சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அடிச்சானா? இல்ல. திட்டுனானா? இல்ல. போலீஸ்ல போயி என்னன்னு சொல்லுவ? கட்டுனவளுக்குப் போனப் போட்டுக் கோழி கத்தறதக் கேக்கறான்னா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் தூக்கம் போய்விட்டிருந்தது. ஆனால் யாரிடம், என்னவென்று சொல்வது என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. நடக்காத ஒன்றுக்காக ஒரு மனிதன் மேல் கை நீட்ட முடியாது. நடந்த பிறகு நீட்டுவதில் பயன் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் திருந்தவில்லை என்பது நிரூபணமாக வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்ததா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோடையில் எனக்கு ஆசை எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. மேட்டில் ஏறி அந்தக் கூரையைப் பார்ப்பேன். வேலை முடிந்து அவள் கிளம்பினால், வரப்பில் அவள் சேலை மறையும் வரை பார்ப்பேன். மறுநாள் காலை அவள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

பிறகு ஒரு சந்தை நாள் வந்தது. அன்று அவள் வேலைக்கு வரவில்லை. சந்தைக்குப் போவதாக முதல் நாளே சொல்லியிருந்தாள். பிற்பகலில் முட்டை வண்டி வந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் நாய் குரைத்தது. பார்த்தால் அவர் நின்றுகொண்டிருந்தார். பண்ணைக்குள் வருகிறவர்கள் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு வர வேண்டும். அந்தத் தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றார். வேட்டி முழங்கால் வரை ஈரம். மூச்சு வாங்கியது.

 அவருடைய கைகளைத்தான் முதலில் பார்த்தேன். கைகள் சுத்தமாக இருந்தன. அக்கா செத்த அன்றும் கழுவிக்கொண்டுதான் போனார் என்று நினைவு வந்தது.

"அவ எங்க?" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஊட்டுலதானுங்க இருக்கறா. நல்லா இருக்கறா." ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். "அவளத் தாட்டியுட்டிருங்க."

அனுப்பிவிடுங்கள் என்கிறார். எங்கே, ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன பண்ணுனீங்க?"

"ஒன்னும் பண்ணலீங்க. சந்தைக்குப் போயிட்டு வந்தா. கொஞ்சம் லேட்டாயிருச்சு. எங்க போயிருந்தேன்னு கேட்டனுங்க. அவ சொல்லீட்டிருந்தா. வெங்காயம் என்ன வெல, யாரப் பாத்தேன், எல்லாஞ் சொன்னா." வேட்டி நுனியைப் பிழிந்தார். "நான் அதக் கேக்கலீங்க. பக்கத்துல என்ன கெடக்குதுன்னு பாத்துட்டிருந்தேன்."

முட்டை ஏற்றுகிறவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது.

"மம்முட்டி சாத்தியிருந்துச்சுங்க. எடுத்தேன். எடுத்துட்டுப் போயிக் கெணத்துல போட்டுட்டேன். கடப்பாரை, அருவா, எல்லாத்தையும் போட்டுட்டேன். அவ என்னத்துக்குன்னு கேட்டுட்டே பின்னால வந்தா. நான் திரும்பிப் பாக்கல. அப்படியே வாய்க்கால்ல எறங்கி நேரா இங்க வாரேன்."

"என்கிட்ட ஏன் வந்தீங்க?" என்றேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேற ஆருகிட்டப் போறதுங்க? புள்ளகிட்டச் சொன்னா அழுவும். ஊருல சொன்னா, நீ திருந்தீட்ட, மனசக் கொழப்பிக்காத, போன்னு சொல்லிருவாங்க. உங்களுக்கு மட்டுந்தான் எம்மேல நம்பிக்கை இல்ல."

என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்தார். நிலைமையைச் சொன்னதும் அவரை வாசலிலேயே உட்காரவைத்து, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா செத்த பிறகு முதல் தடவையாக அந்த வாசலில் காலை வைத்தேன்.

அவள் இருந்தாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைப் பை பிரிக்காமல் வாசலில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, அவரு எல்லாத்தையும் கெணத்துல போட்டுட்டு எங்கயோ போறாருங்க. புத்தி கித்தி பேதலிச்சிருச்சாட்டருக்குது" என்றாள்.

"துணிய எடுத்துட்டுக் கெளம்பு."

"எங்கீங்க?"

"பண்ணைக்கு. அவருதான் சொன்னாரு."

அவள் வர மறுத்தாள். அவர் ஒன்றுமே செய்யவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்தார் என்று சொன்ன இடத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். மம்முட்டி சாத்தியிருந்த இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. பிறகு உள்ளே போய்த் துணியை எடுத்து வந்தாள். நாங்கள் பண்ணைக்கு வந்தபோது அவர் அங்கே இல்லை. எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து, வேறு வழியாகக் காட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாராம்.

சாயங்காலம் அக்கா மகள் நாமக்கல்லிலிருந்து ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அப்பாவுக்காகப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். என் மடியில் படுத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, "எங்கம்மாளுக்கும் அதைக் கெணத்துல போட்டிருக்கலாமுல்லங்க சின்னம்மா" என்றாள்.  அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். 

அவர் ஆடுகளை விற்றுவிட்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் போய், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சமையல்காரராகச் சேர்ந்து வடக்கே போய்விட்டார். அந்த வண்டிகள் ஊரைவிட்டுக் கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்பாது. ஆண்கள் மட்டும்தான் போவார்கள். தூக்கம், சோறு எல்லாம் வண்டியடியிலேயே. அவருக்கு அது தோதான இடம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் பேச்சு ஓயவில்லை. "இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படித் திருந்துவான்?" என்றார் என் வீட்டுக்காரர். "தன்னைத் தானே புடிச்சுக் குடுத்தான் பாரு." அக்கா மகள், "திருந்தாததுனாலதானுங்க போனாரு" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அவருக்குள் இருந்தது போகவில்லை. அந்தச் சந்தை நாளில், அதே வாசலில், அதே சுவருக்குப் பக்கத்தில் அது எழுந்து நின்றது. போகாத ஒன்றை ஒருமுறை அவர் ஜெயித்தார். ஒருமுறை ஜெயித்தவர் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார் என்பதற்கு என்ன உறுதி? கொன்றவர் என்று அவரை வெறுக்கத்தான் எனக்குத் தெரியும். வாய்க்காலில் இறங்கி, முழங்கால் ஈரத்தோடு என் வாசலுக்கு வந்து நின்ற அந்த ஆளை என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கட்டியவள் எங்கள் பண்ணையிலேயே இருந்தாள். வேலையில் குறை இல்லை. ஆனால் என்னோடு முன்போலப் பேசவில்லை. அவளை நான் காப்பாற்றியதாக ஊர் சொன்னது. அவள் அப்படி நினைக்கவில்லை. அவர் போனை எடுப்பதில்லை. அவள் விடாமல் அடிப்பாள். மழைக்காலம் நெருங்கியபோது ஒருநாள் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. அன்று ஷெட்டின் அந்த முனையிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. எண்ணிக்கொண்டிருந்த முட்டைக் கணக்கு எனக்குத் தப்பிவிட்டது.

மழை தொடங்கினால் வடக்கே போன ரிக் வண்டிகள் ஊர் திரும்பும். கொல்லிமலைப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் விளக்குமாறும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஊட்டக் கூட்டிப் பெருக்கோணுமுங்கக்கா. அவரு வாராரு."

"உனக்குப் பயமா இல்லியா?"

வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். "பயந்தானுங்க. ஆனா அன்னைக்கு அவரேதான உங்ககிட்ட வந்து சொன்னாரு? மறுபடி அந்த மாதிரி வந்துச்சுன்னா, மறுபடியும் வந்து சொல்லுவாரு."

நான் தடுத்துப் பார்த்தேன். அக்கா மகளும் வந்து அழுது பார்த்தாள். யார் சொல்லும் கேட்காமல் அவள் அந்த வீட்டுக்கே போய்விட்டாள். அவரும் வந்துவிட்டார். தினமும் இருட்டும் முன்பு அந்தத் தோட்டத்துப் பக்கம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ஒரு நடை போய்வருகிறேன். அவர் என்னைப் பார்த்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். நான் வருவது அவருக்குத் தெரியும். வர வேண்டும் என்று அவரும் நினைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், அல்லது தழை நறுக்கிக்கொண்டிருப்பாள். "வாங்கக்கா" என்பாள். நான் நிற்க மாட்டேன், திரும்பிவிடுவேன்.

நேற்றும் போனேன். இருந்தாள்.